சென்னைக் கடிதத்தை ஒரே இரவில் டில்லிக்குக் கொண்டுவந்தவர்

டில்லியில் வாழும் தமிழர்களுக்குக் கித்வாய் நகர் என்ற பெயர் நெருக்கமானது. மத்திய சர்க்கார் உத்தியோகம் கிடைத்து, ஒரு டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக வந்து இறங்கிய எத்தனையோ குடும்பங்கள் அங்கே குவார்ட்டர்ஸ் பெற்றுக் குடியேறின. பழைய வீடுகள் இடிக்கப்பட்டுக் கிழக்குக் கித்வாய் நகரில் இன்று உயரமான அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. பெயர் மட்டும் மாறவில்லை. ரயில் பவனுக்கும் கிருஷி பவனுக்கும் அருகே செல்லும் ரபி மார்க் வழியாகத் தினந்தோறும் ஆபீஸ் போய் வருகிறவர்களும் நம்மவர்களில் பலர் உண்டு. ஆனால் இந்த இரண்டு பெயர்களும் ஒரே மனிதரைக் குறிப்பவை என்பதையும், டில்லிக்கும் சென்னைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும் அறிந்தவர்கள் குறைவு.

அவர்தான் ரபி அகமது கித்வாய். தபால், தந்தி, டெலிபோன், விமானப் போக்குவரத்து ஆகிய இலாகாக்களைச் சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகக் கவனித்த மந்திரி. விமானத்தில் ஏற வசதியில்லாதவனின் கடிதமும் விமானத்தில் போகவேண்டும் என்று தீர்மானித்துச் செய்து காட்டியவர்.

இரண்டு தூரங்கள்

டில்லியிலிருந்து சென்னைக்கு ரயில் பாதையில் தூரம் சுமார் 2,180 கிலோமீட்டர். ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால், இடார்சி, நாகப்பூர், காசிப்பேட்டை, விஜயவாடா என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கடந்து ரயில் சென்ட்ரலை அடைகிறது. ஆகாய மார்க்கமாக அளந்தால் இதே தூரம் சுமார் 1,760 கிலோமீட்டர்தான். இன்றைய ஜெட் விமானம் அதை மூன்று மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. 1976-ல் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சுமார் 33 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது.

சுதந்திரம் வந்த காலத்தில் நிலைமை வேறு. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறியவர் இரண்டு இரவுகளை வண்டியில் கழித்து மூன்றாம் நாள்தான் சென்னையைப் பார்ப்பார். கடிதமும் அதே வண்டியில், தபால் பெட்டியில், அவருடனேயே பிரயாணம் செய்யும். சென்னையில் இறங்கியபின் தஞ்சாவூருக்கோ திருநெல்வேலிக்கோ இன்னொரு இரவு. வீட்டில் உடல்நிலை சரியில்லை என்று ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தால், அதைப் பிரித்துப் படிக்கும்போது அதிலுள்ள செய்தி நான்கைந்து நாள் பழசு. பதில் எழுதினால் அது போய்ச் சேர இன்னும் நான்கைந்து நாள். அவசரமென்றால் தந்தி உண்டு. ஆனால் தந்தியில் வார்த்தைக்குக் காசு. மனத்தில் உள்ளதையெல்லாம் தந்தியில் எழுத முடியாது. தந்திச் சேவகன் தெருவில் வந்தாலே வீட்டுப் பெண்கள் கலங்கிப்போன காலம் அது.

அந்நாளிலும் விமானத் தபால் இருந்தது. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையுடன் பறந்து வந்தார். அதை அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். ஆனால் விமானத்தில் கடிதம் போக வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும். வியாபாரிகளும் பெரிய உத்தியோகஸ்தர்களும் அதைக் கொடுத்தார்கள். குமாஸ்தாவின் கடிதம் ரயிலிலேயே போயிற்று. ஆகவே அந்தக் காலத்தில் டில்லிக்கும் சென்னைக்கும் நடுவே இரண்டு தூரங்கள் இருந்தன எனலாம். பணம் உள்ளவனுக்கு ஒன்று, இல்லாதவனுக்கு மற்றொன்று.

மசவ்லி கிராமத்துப் பிள்ளை

ரபி அகமது கித்வாய் 1894-ம் ஆண்டு பிப்ரவரி 18-ம் தேதி அன்றைய ஐக்கிய மாகாணத்தில், பாராபங்கி ஜில்லாவைச் சேர்ந்த மசவ்லி என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை இம்தியாஸ் அலி நிலச்சுவான்தார். சர்க்கார் உத்தியோகமும் பார்த்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்த ரபியைப் பாராபங்கியில் வக்கீலாக இருந்த சிறிய தகப்பனார் விலாயத் அலி வளர்த்தார். விலாயத் அலி தேசிய உணர்வு மிக்கவர். நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிப் பெயர் பெற்றவர். அவர் வீட்டில் அரசியல் பேச்சுக்குக் குறைவிருக்காது. ரபியின் மனம் உருவானது அங்கேதான்.

இவர் வாழ்க்கையில் ஒரு பொருத்தத்தைக் குறிப்பிட வேண்டும். 1911 பிப்ரவரி 18-ம் தேதி, அதாவது ரபிக்குப் பதினேழு வயது நிறைந்த அதே நாளில், அவருடைய மாகாணத்தைச் சேர்ந்த அலகாபாத்தில் ஒரு பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கிருந்து சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு யமுனை நதியைக் கடந்து நைனிக்குப் பறந்தார். தூரம் பத்து கிலோமீட்டர். நேரம் பதின்மூன்று நிமிடம். உலகிலேயே முதன்முதலாக அதிகாரபூர்வமாக விமானத்தில் சென்ற தபால் அதுதான். அன்று பாராபங்கியில் இருந்த அந்த மாணவன் பிற்காலத்தில் தேசம் முழுவதுக்கும் விமானத் தபாலை ஏற்பாடு செய்யப்போகிறான் என்பதை யார் அறிவார்?

ரபி அலிகார் கல்லூரியில் படித்து 1918-ல் பட்டம் பெற்றார். தொடர்ந்து சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது காந்திஜியின் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. படிப்பை விட்டுவிட்டு இயக்கத்தில் குதித்துச் சிறை சென்றார். வெளியே வந்தபின் மோதிலால் நேருவின் காரியதரிசியாக அலகாபாத்தில் ஆனந்த பவனத்தில் பணியாற்றினார். 1926-ல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு டில்லிக்கு வந்தார். மோதிலால் தலைமையில் சட்டசபையில் இயங்கிய சுயராஜ்யக் கட்சிக்குக் கொறடாவாக இருந்தார். எந்த அங்கத்தினர் எந்த ஊரில் இருக்கிறார், ஓட்டெடுப்புக்கு எப்போது வந்து சேர்வார் என்று கணக்கு வைத்துக்கொள்வது கொறடாவின் வேலை. மதராஸ் ராஜதானியிலிருந்து வரவேண்டியவர் டில்லிக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பதை அவர் அப்போதே மனப்பாடமாக அறிந்திருப்பார்.

1930-ல் காங்கிரஸ் கட்டளைப்படி சட்டசபைப் பதவியைத் துறந்தார். ரேபரேலி ஜில்லாவில் விவசாயிகளின் வரிகொடா இயக்கத்தில் ஈடுபட்டு மீண்டும் சிறை சென்றார். 1937-ல் பந்த் மந்திரிசபையில் ரெவின்யூ மந்திரியாகி, குத்தகை விவசாயிகளுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். நிலச்சுவான்தார் குடும்பத்தில் பிறந்தவர் நிலச்சுவான்தார்களின் கோபத்துக்கு ஆளானார். 1946-ல் அதே மாகாணத்தில் உள்துறையை ஏற்றார். 1947 ஆகஸ்டில் பிரதமர் நேருவின் முதல் மந்திரிசபையில் சேர்ந்து டில்லிக்கு வந்தார்.

கண்ணீரோடு தொடங்கிய பதவி

கித்வாய் பதவி ஏற்றதும் தேசப் பிரிவினையின் கொடுமை தலைநகரைச் சூழ்ந்தது. புராணா கிலாவிலும் ஹுமாயூன் சமாதியிலும் அகதிகள் குவிந்தார்கள். தபாலும் ரயிலும் தடைப்பட்டன. அந்த 1947 அக்டோபர் மாதத்தில் கித்வாயின் சொந்தச் சகோதரர் ஷபி அகமது கித்வாய், மசூரியில் நகரசபை நிர்வாகியாகப் பணியாற்றிக்கொண்டிருந்தவர், கலவரத்தில் கொலை செய்யப்பட்டார். ஊரை விட்டுப் போய்விடும்படி பலர் சொல்லியும் கடமையை விட மறுத்தவர் அவர். அவருடைய மனைவி அனீஸ் கித்வாய் டில்லிக்கு வந்து, தம் துக்கத்தை ஒதுக்கிவைத்து அகதி முகாம்களில் சேவை செய்தார். பின்னாளில் அவர் ராஜ்ய சபை அங்கத்தினராகவும் விளங்கினார்.

சகோதரனைப் பறிகொடுத்த அதே மாதத்தில்தான் கித்வாயின் இலாகாவுக்குப் பெரும் சோதனை வந்தது. அக்டோபர் 27-ம் தேதி ஸ்ரீநகருக்குத் துருப்புகளை அனுப்ப வேண்டியிருந்தது. விமானப்படையிடம் இருந்த விமானங்கள் போதவில்லை. தனியார் கம்பெனிகளின் டகோட்டா விமானங்கள் எல்லாம் திரட்டப்பட்டன. அவற்றை ஓட்டியவர்களில் பலர் சாதாரணப் பிரயாணி விமானங்களை ஓட்டிவந்த விமானிகள். அகதிகளை ஏற்றி வந்ததும் இத்தகைய விமானங்களே. ரயில் நின்றுபோனாலும் ஆகாய மார்க்கம் நிற்பதில்லை என்பதைத் தேசம் அந்த மாதங்களில் கண்கூடாகக் கண்டது.

டகோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, யுத்தம் முடிந்ததும் விட்டுச்சென்ற இரட்டை இன்ஜின் விமானம் அது. மலிவு விலைக்குக் கிடைத்தது. அதை வாங்கிப் பல புதிய கம்பெனிகள் முளைத்தன. சர்க்காரும் தாராளமாக லைசென்ஸ் கொடுத்தது. விமானங்கள் இருந்தன, விமானிகள் இருந்தார்கள், ஆனால் எல்லாக் கம்பெனிகளுக்கும் போதுமான பிரயாணிகள் இல்லை. பகலில் பறந்த விமானம் இரவில் சும்மா நின்றது. இந்த நிலைமைதான் கித்வாயின் யோசனைக்கு இடம் கொடுத்தது.

நாகப்பூர்க் கணக்கு

டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களுக்குள் ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற மூன்றுக்கும் ஒரே இரவில் தபால் போகவேண்டும். நேராக அனுப்பினால் ஆறு மார்க்கங்கள் வேண்டும். போகவும் வரவும் சேர்த்தால் இரவுக்குப் பன்னிரண்டு விமானங்கள் பறக்கவேண்டும். அவ்வளவு செலவை எந்த சர்க்காரும் தாங்காது.

தேசப்படத்தை விரித்துப் பார்த்தால் இதற்கு வழி தெரியும். நான்கு நகரங்களுக்கும் நடுவில் நாகப்பூர் இருக்கிறது. அங்கிருந்து டில்லிக்கு ஆகாய மார்க்கத்தில் சுமார் 850 கிலோமீட்டர். சென்னைக்குச் சுமார் 900. பம்பாய்க்குச் சுமார் 680. கல்கத்தாவுக்குச் சுமார் 980. அதிலும் டில்லி, நாகப்பூர், சென்னை மூன்றும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் இருப்பது விசேஷம். டில்லியிலிருந்து சென்னைக்கு நேராகப் பறந்தாலும் நாகப்பூரில் இறங்கிச் சென்றாலும் தூரத்தில் வித்தியாசம் மிகச் சொற்பமே.

ஆகவே ஏற்பாடு இப்படி அமைந்தது. இரவில் நான்கு நகரங்களிலிருந்தும் ஒவ்வொரு விமானம் தபால் மூட்டைகளுடன் கிளம்பும். நள்ளிரவுக்குப்பின் நான்கும் நாகப்பூரில் கூடும். மூட்டைகள் ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படும். பிறகு ஒவ்வொன்றும் தன் ஊருக்குத் திரும்பிவிடும். பன்னிரண்டு விமானங்கள் செய்யவேண்டிய வேலையை நான்கே விமானங்கள் முடித்துவிடும். மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் பறக்கும் டகோட்டாவுக்கு டில்லியிலிருந்து நாகப்பூர் மூன்று மணிக்குச் சற்று அதிகமான நேரம். அங்கிருந்து சென்னை இன்னொரு மூன்றேகால் மணி. இடையில் மூட்டை மாற்றும் நேரத்தைச் சேர்த்தாலும், இரவு தபாலாபீஸில் இருந்த கடிதம் விடியும் நேரத்தில் மீனம்பாக்கத்தில் இருக்கும்.

ரயில்வேக்காரர்களுக்கு இது புது விஷயமல்ல. ஜங்ஷனில் நாலா பக்கத்து வண்டிகளும் வந்து நின்று, பிரயாணிகளையும் தபாலையும் மாற்றிக்கொண்டு பிரிந்துபோவதை அன்றாடம் பார்ப்பவர்கள் அவர்கள். கித்வாய் செய்தது, ஆகாயத்தில் பறக்கும் விமானங்களுக்கு நாகப்பூரை ஜங்ஷனாக்கியதுதான். கால் நூற்றாண்டுக்குப்பின், 1973-ல், அமெரிக்காவில் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் என்ற கம்பெனி மெம்பிஸ் நகரை நடுவில் வைத்து இதே முறையில் இரவோடிரவாகப் பார்சல்களை அனுப்பத் தொடங்கி உலகப் புகழ் பெற்றது.

இந்த இரவுத் தபால் சர்வீஸ் 1949 ஜனவரி 30-ம் தேதி ஆரம்பமாயிற்று. காந்திஜி மறைந்து சரியாக ஓராண்டு ஆன தினம் அது. அதைத் தொடர்ந்து அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் இன்னொரு பெரிய மாறுதல் அமலுக்கு வந்தது. உள்நாட்டுக் கடிதங்களுக்கு விமானத் தபாலுக்கென்று இருந்த தனிக் கட்டணம் எடுக்கப்பட்டது. விமானத்தில் அனுப்பினால் சீக்கிரம் போய்ச் சேருமென்றால், சாதாரணத் தபால்தலை ஒட்டிய கடிதமும் விமானத்திலேயே போகும். கேட்கவும் வேண்டாம், கூடுதல் காசு கொடுக்கவும் வேண்டாம்.

இந்த இரண்டாவது மாறுதல் இல்லாமல் முதலாவது முழுமை பெற்றிருக்காது. வேகமான விமானத்தை ஓட்டியிருந்தால் வசதி உள்ளவர்களின் கடிதம் இன்னும் வேகமாகப் போயிருக்கும், அவ்வளவுதான். கட்டணத்தை எடுத்த பிறகுதான் கரோல்பாக்கில் ஓர் அறையில் தங்கி ஓட்டலில் சாப்பிட்டுவந்த குமாஸ்தாவின் கடிதமும், பெரிய கம்பெனி முதலாளியின் கடிதமும் ஒரே மூட்டையில் ஒரே விமானத்தில் பறந்தன. மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ இருந்த தாயாருக்கு மகனின் கடிதம் மறுநாளே கிடைக்க வழி பிறந்தது. ரயில் இணைப்புச் சரியாக இருந்தால் கும்பகோணத்துக்கும் மதுரைக்கும் அதற்கடுத்த நாள். மூன்றாம் நாள் சென்னையை எட்டிப்பார்த்த கடிதம் மூன்றாம் நாளுக்குள் கிராமத்தையே எட்டியது.

எதிர்ப்பும் விலையும்

இந்தத் திட்டத்தை எல்லோரும் வரவேற்றார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கடுமையாக எதிர்த்தவர்களில் முதன்மையானவர் ஜே.ஆர்.டி. டாட்டா. விமானத் தொழிலில் அவருக்கு இருந்த அனுபவம் வேறு யாருக்கும் கிடையாது. 1948-ல் சர்க்காரும் டாட்டாவும் கூட்டாக ஏர் இந்தியா இன்டர்நேஷனலைத் தொடங்கி, பம்பாயிலிருந்து லண்டனுக்கு விமானம் விட்டபோது அந்த இலாகாவின் மந்திரியாக இருந்தவர் கித்வாயே. அப்படி இணைந்து காரியம் செய்த இருவரும் இரவுத் தபால் விஷயத்தில் எதிரெதிராக நின்றார்கள். இரவில் விமானம் இறங்குவதற்கு வேண்டிய விளக்குகளும் வானொலிச் சாதனங்களும் நம் நாட்டு விமான நிலையங்களில் போதவில்லை, அவை அமையும்வரை இரவில் பறப்பது ஆபத்து என்பது டாட்டாவின் வாதம். எல்லா வசதியும் வந்தபின் தொடங்குவோம் என்றால் எந்தக் காரியமும் தொடங்காது என்பது கித்வாயின் எண்ணம். இருவர் வாதமும் பத்திரிகைகள்வரை சென்றது.

டாட்டாவின் அச்சம் ஆதாரமற்றதல்ல. மேல்நாடுகளில் இரவுத் தபால் எளிதாக வந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1924-ல் ஒழுங்கான இரவு விமானத் தபால் தொடங்குமுன் வழிநெடுகச் சுழல் விளக்குக் கோபுரங்களை நாட்டினார்கள். தென் அமெரிக்காவில் இரவுத் தபால் ஏற்றிப் பறந்த பிரெஞ்சு விமானிகள் பலர் உயிர் துறந்தார்கள். இங்கே முதலில் பொறுப்பேற்ற கம்பெனியால் நீடித்து நடத்த முடியவில்லை. சர்வீஸ் இடையில் நின்று, அதே ஆண்டில் ஹிமாலயன் ஏவியேஷன் கம்பெனியின் கையில் மீண்டும் உயிர் பெற்றது. 1953 ஆகஸ்டில் விமானக் கம்பெனிகள் தேசியமயமானபோது புதிய இந்தியன் ஏர்லைன்ஸ் அதை ஏற்றுக்கொண்டது.

அந்த ஆண்டு டிசம்பர் 12-ம் தேதி பெரும் விபத்து நேர்ந்தது. நாகப்பூரில் தபால் மாற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிய டகோட்டா, தரையை விட்டு எழும்பிய சிறிது நேரத்தில் இன்ஜின் கோளாறினால் கீழே விழுந்து எரிந்தது. பதின்மூன்று பேர் மாண்டார்கள். இரவுத் தபால் விமானத்தில் சில பிரயாணிகளையும் ஏற்றிச் செல்வது வழக்கம். அன்று உயிரிழந்தவர்களில் பார்லிமெண்ட் அங்கத்தினரும் பிரபல தொழிற்சங்கத் தலைவருமான ஹரிஹரநாத சாஸ்திரி ஒருவர். கித்வாயின் மாகாணத்தைச் சேர்ந்தவர். கித்வாய் அப்போது தபால் இலாகாவில் இல்லை. ஆயினும் தாம் தொடங்கிய காரியத்துக்கு இப்படியும் ஒரு விலை உண்டு என்பதை அவர் தம் வாழ்நாளிலேயே காண நேர்ந்தது.

அதற்குப்பின்னும் சர்வீஸ் நிறுத்தப்படவில்லை. ஒவ்வோர் இரவும் நான்கு திசைகளிலிருந்தும் விமானங்கள் நாகப்பூருக்கு வந்துகொண்டே இருந்தன. மழைக்காலத்தில் மேகம் சூழ்ந்த விந்திய மலைக்கு மேலாக, வெப்பமும் காற்றழுத்தமும் சீர்ப்படுத்தப்படாத விமானத்தில், தபால் மூட்டைகளுடன் இரவுதோறும் பறந்த விமானிகளின் பெயர்களை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஊரிலிருந்து கடிதம் நேரத்துக்கு வந்தது என்று மகிழ்ந்தவர்கள் அவர்களையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

மற்றொரு மந்திரி பதவி

தபால் இலாகாவில் கித்வாய் செய்த காரியம் இது ஒன்று மட்டுமல்ல. பெங்களூரில் 1948-ல் இந்தியன் டெலிபோன் தொழிற்சாலை தொடங்கியது அவர் காலத்தில்தான். டெலிபோனுக்காக டில்லிவாசிகள் காத்துக்கிடந்தபோது, முன்பணம் கட்டியவர்களுக்குச் சொந்த டெலிபோன் என்ற திட்டத்தைக் கொண்டுவந்து, அந்தப் பணத்தைக்கொண்டே எக்ஸ்சேஞ்சைப் பெரிதாக்கினார். கையில் பணமில்லை என்று ஆபீஸர்கள் கைவிரித்த இடத்தில் வழி கண்டுபிடிப்பது அவர் சுபாவம்.

1951-ல் காங்கிரசுக்குள் ஏற்பட்ட கருத்து வேற்றுமையால் கட்சியையும் பதவியையும் விட்டு விலகினார். ஆச்சார்ய கிருபளானியின் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியில் சிறிது காலம் இருந்து, நேரு காங்கிரஸ் தலைமையை ஏற்றதும் திரும்பி வந்தார். 1952 பொதுத்தேர்தலில் வெற்றி பெற்று உணவு, விவசாய மந்திரியானார். ரேஷன் கடை முன் ஜனங்கள் கியூ வரிசையில் வாடிய காலம் அது. சென்னை ராஜ்யத்தில் அவ்வாண்டு ஏப்ரலில் முதல் மந்திரியான ராஜாஜி, இரண்டே மாதத்தில் ரேஷனையும் உணவுக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார். பலர் பயந்தார்கள். டில்லியிலிருந்து ராஜாஜிக்குத் துணை நின்றவர் கித்வாய். உபரி உள்ள இடத்திலிருந்து தட்டுப்பாடு உள்ள இடத்துக்குத் தானியம் தடையின்றி ஓடினால் பதுக்கல் தானே மறையும் என்பது அவர் நம்பிக்கை. 1954-க்குள் தேசம் முழுவதும் அரிசிக் கட்டுப்பாடு நீங்கியது. நல்ல மழையும் கைகொடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தருணத்தில் துணிந்து முடிவெடுக்க ஒருவர் வேண்டியிருந்தது. தபாலில் காட்டிய துணிவைத்தான் அவர் தானியத்திலும் காட்டினார்.

அவர் வீட்டு வாசல் யாருக்கும் அடைபட்டதில்லை என்பார்கள். கேட்டவர்களுக்குக் கொடுத்துக் கொடுத்தே பழகிய கை அது. கட்சிக்காகப் பணம் திரட்டுவதில் அவர் கெட்டிக்காரர். அதனால் விமர்சனத்துக்கும் ஆளானார். ஆனால் தமக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. 1954 அக்டோபர் 24-ம் தேதி டில்லியில் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது நெடுநாளாக அவரை வாட்டிய ஆஸ்துமா கண்டது, இருதயம் நின்றது. வயது அறுபது. அவர் விட்டுச்சென்றவை கடனும், மசவ்லி கிராமத்தில் பழைய வீடும்தான். அந்த மசவ்லியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மிஞ்சி நிற்பது

1964-ல் இந்தியன் ஏர்லைன்ஸில் கேரவல் ஜெட் விமானங்கள் வந்தன. அதன்பின் நகரத்துக்கு நகரம் நேராகப் பறப்பது எளிதாயிற்று. நள்ளிரவில் நாகப்பூரில் நான்கு விமானங்கள் கூடவேண்டிய அவசியம் படிப்படியாகக் குறைந்து, அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. கூடுதல் கட்டணமின்றி விமானத்தில் கடிதம் செல்லும் திட்டத்தின் இருபதாம் ஆண்டை ஒட்டி 1969 ஏப்ரல் 1-ம் தேதி தபால் இலாகா இருபது பைசா தபால்தலை ஒன்றை வெளியிட்டது. அதில் கித்வாயின் உருவமும் தபால் விமானமும் இடம்பெற்றன. காசியாபாத்தில் உள்ள தேசியத் தபால் பயிற்சிக் கழகத்துக்கும், பெங்களூரில் உள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. விவசாய ஆராய்ச்சிக்காக 1956 முதல் வழங்கப்பட்ட பரிசும் அவர் பெயரால் அமைந்ததே.

இன்று ஊருக்குப் பேச நினைத்தால் கையிலுள்ள டெலிபோனே போதும், முகத்தையும் பார்க்கலாம். தந்தி சர்வீஸ் 2013-ல் மூடப்பட்டது. கடிதம் எழுதுகிறவர்கள் அபூர்வம். ஆனால் டில்லியிலிருந்து சென்னைக்கு மூன்று மணியில் பறக்கும் விமானங்கள் நிறைந்திருந்தும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போக ரயில் டிக்கெட்டுக்காகக் காத்திருக்கும் தமிழர்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். விமானத்தில் மூன்று மணி, ரயிலில் 33 மணி என்று ஊருக்கு இன்னமும் இரண்டு தூரங்கள் உண்டு. எது தன்னுடையது என்பதை அவரவர் சம்பளம் தீர்மானிக்கிறது.

மனிதர்களுக்கு இருக்கும் இந்த வித்தியாசத்தைக் கடிதங்களுக்காவது இல்லாமல் செய்ய முடியும் என்று 1949-ல் ஒரு மந்திரி காட்டினார். ரயில் நாகப்பூரில் நிற்கும்போது ஆரஞ்சுக் கூடை வாங்க இறங்குகிறவர்கள் அவரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம். நம் பெற்றோர் எழுதிய எத்தனையோ கடிதங்கள் ஒரு காலத்தில் அந்த ஊரில்தான் நள்ளிரவில் விமானம் மாறின.